பாவித்த மோட்டார் ஹோம், அடியில் கறள் (துரு): வாங்கலாமா?

கனடா, ஒன்ராறியோ மாகாணத்து ஏஜாக்ஸிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி — 2023 ஏப்ரல் 11

அண்ணா, 2011 கிளாஸ் சி மோட்டார் ஹோம் (லொறிச் சட்டத்தின்மேல் வீடு கட்டிய வண்டி) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஃபோர்ட் ஈ-450 சேசிஸ், வி10 எஞ்சின், 29 அடி. உள்ளே புதுசு மாதிரி. 46,000 டொலர் கேட்கிறார்கள். கீழே குனிந்து பார்த்தால் எல்லாம் செம்மண் நிறம். விற்பவர் "மேலோட்டமான கறள், ஒன்ராறியோவில் எல்லா வண்டியும் இப்படித்தான்" என்கிறார். மைத்துனர் "கறள் பிடித்த வண்டியைத் தொடாதே" என்கிறார். யார் சொல்வது சரி?

ஏப்ரல் 11, இரவு

இரண்டு பேரும் நிறத்தை வைத்தே பேசுகிறார்கள். நிறத்தை விடுங்கள். எந்தத் துண்டில் கறள், அந்தத் துண்டில் இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம், இதைத்தான் பார்க்க வேண்டும்.

மோட்டார் ஹோம் ஒரே தொழிற்சாலையில் செய்த வண்டி இல்லை. ஃபோர்ட் கொடுப்பது முன் கேபினும் அதன் பின்னால் வெறும் சட்டமும்தான். அதை வாங்கும் ஆர்.வி. (மோட்டார் ஹோம் கட்டும்) கம்பனி பின்பக்கச் சட்டத்தை நீட்டுகிறது, வீட்டைத் தாங்க இரண்டு பக்கமும் இரும்புக் கைகளை ஒட்டுகிறது, தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, ஜெனரேட்டர், ஏறும் படி எல்லாவற்றுக்கும் தாங்கிகள் பூட்டுகிறது. ஃபோர்டின் இரண்டு நீளச் சட்டங்களும் தடித்த இரும்பு. பல குளிர்காலம் செம்மண் நிறத்தில் கிடந்தாலும் பலம் பெரிதாகக் குறையாது. பிறகு ஒட்டிய சாமான் அப்படியல்ல. மெல்லிய இரும்பு, ஒரு பூச்சுக் கறுப்புப் பெயின்ற், வெல்டிங் செய்த இடத்தில் சில வேளை அதுவும் கிடையாது. லொறி திருத்தும் கராஜில் நான் வேலை செய்த காலத்தில் மோட்டார் ஹோம் வந்தால் உக்கிப்போயிருப்பது பெரும்பாலும் இந்த ஒட்டுச் சாமான்தான்.

நாளைக்குப் போகும்போது சின்னச் சுத்தியல், பழைய ஸ்குரூ டிரைவர், நல்ல டோர்ச், படுக்க ஒரு மட்டைப் பெட்டி, கண்ணுக்குக் கண்ணாடி கொண்டு போங்கள். கறள் துகள் கண்ணுக்குள் விழுந்தால் ஆஸ்பத்திரியில்தான் முடியும். வண்டியை ஜாக் வைத்துத் தூக்க வேண்டாம். அது ஆறு தொன்னுக்குக் கிட்ட வரும். தரையில் நிற்கிறபடியே அடியில் நுழையத் தாராளமாக இடம் இருக்கும்.

ஏப்ரல் 12, காலை

சுத்தியலை எப்படிப் பாவிப்பது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஓங்கி அடிக்க வேண்டாம், தட்டினால் போதும். நல்ல இரும்பு கணீரென்று திருப்பிச் சொல்லும். உக்கியது மொத்தென்று விழுங்கும். இரண்டையும் ஒரே வண்டியில் கேட்டுப் பழகுங்கள்: முதலில் கேபினுக்குக் கீழே, எஞ்சின் எண்ணெய் கசிந்து மூடிக் காப்பாற்றிய சட்டத்தில் தட்டுங்கள், பிறகு பின் சில்லுக்குப் பின்னால் தட்டுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

கறள் மூன்று நிலை. தூள் மாதிரி விரலில் ஒட்டுவது முதல் நிலை, அதற்குக் கவலை வேண்டாம். அப்பளம் மாதிரி தட்டுத் தட்டாகக் கிளம்புவது இரண்டாவது. அந்தத் தட்டைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, அலட்சியம் செய்யவும் கூடாது. இரும்பு கறளாகும்போது அதன் கன அளவு பல மடங்கு கூடும். அதனால் தடிப்பான தட்டு விழுந்தால் அவ்வளவு இரும்பும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. தட்டை உரித்துவிட்டு மிச்சத்தை அளக்க வேண்டும். மூன்றாவது, ஸ்குரூ டிரைவர் நுனி உள்ளே போவது. அது நீளச் சட்டத்தில் என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். படியின் தாங்கியில் என்றால் விலையைக் குறையுங்கள்.

ஏப்ரல் 12, மதியம்

சொல்ல விட்டது. அடிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் செம்மண் நிறத்தைவிட எனக்கு அதுதான் பயம். விற்பதற்கு முந்தின கிழமை யாரும் காதலோடு பெயின்ற் அடிப்பதில்லை. தார் மாதிரி ரப்பர் பூச்சு என்றால் இன்னும் மோசம். ஈரத்தையும் பனிக்கு வீதியில் கொட்டும் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டி, வெளியே அழகாகக் காட்டிக்கொண்டு நிற்கும். நகத்தால் கிள்ளினால் தோல் மாதிரி உரிகிறதா என்று பாருங்கள். போல்ற் தலைகளுக்கும் லேபல்களுக்கும் மேலேயே கறுப்பு படிந்திருந்தால் அவசரத்தில் அடித்தது.

தம்பியின் வண்டி செம்மண் நிறம் என்பதே ஒருவகையில் நேர்மை.

ஏப்ரல் 14

புளோரிடாவில் போய் வாங்கினால் கறளே இருக்காது என்று மிசிசாகா நண்பர் எழுதியிருக்கிறார். அரைவாசி சரி. அங்கேயே பிறந்து அங்கேயே ஓடிய வண்டி என்றால் நல்லது, கடற்கரை ஓரமாக நிற்காதவரை. ஆனால் அங்கே விற்பனைக்கு நிற்பதில் கொஞ்சம் எங்கள் பக்கத்து ஓய்வூதியக்காரர்களுடையவை. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில் உப்பு வீதி வழியே கீழே இறங்குவார்கள். சட்டம் முழுக்க உப்பு அப்பியிருக்கும். கழுவாமல் வெயிலில் ஏப்ரல் வரை நிறுத்திவைப்பார்கள். உறைகுளிரில் கறள் அநேகமாகத் தூங்கும், சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால்தான் அது ஓடும். குளிர்காலத்தில் சூடேற்றிய கராஜில் உப்போடு வண்டியை விடுவதும் இதே கதை. வெளியே பனியில் நிற்கும் வண்டி அதைவிடப் பத்திரம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கனடா முழுதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் தொன் உப்பு வீதியில் கொட்டப்படுவதாக 2001-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் மதிப்பீடு சொன்னது. இப்போது பனி விழுமுன்பே உப்புத் தண்ணீரைக் கோடு கோடாகத் தெளிக்கிறார்கள். சில இடங்களில் கல்சியம் குளோரைட்டும் சேர்கிறது. அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் மழை இல்லாத நாளிலும் சட்டம் நனைந்தே இருக்கும். ஊரில் 1950-களின் ஆஸ்டின் ஏ40 கார்கள் கடற்காற்றுக்குள் இன்னும் ஓடுகின்றன. இங்கே அதே ஏ40-ஐ விட்டிருந்தால் பத்துக் குளிர்காலத்தில் ஸ்டியரிங் மட்டும்தான் மிஞ்சும்.

அமெரிக்க வண்டியே வேண்டும் என்றால் இறக்குமதி விதியைப் பாருங்கள். 15 வயது தாண்டியதுக்கு இறக்குமதி வாகனப் பதிவாளரிடம் போகத் தேவையில்லை. அதற்குக் குறைந்தது என்றால் கனேடிய விதிப்படி பரிசோதனை உண்டு.

ஏப்ரல் 16

தம்பி அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாக எடுத்திருக்கிறீர்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததால் குழிகளின் நிழல் தெரிகிறது. எல்லாரும் இப்படி எடுத்தால் என் கண் மிச்சம்.

நீளச் சட்டம் முதல் நிலை. பின் அச்சின்மேல் வண்டியைத் தாங்கும் இலைச் சுருள்களின் தாங்கிகளும் பரவாயில்லை. இலைகளுக்கு நடுவே கறள் ஏறி வாய் திறக்கவில்லை. இரண்டு இடம் பிடிக்கவில்லை.

ஒன்று, நீட்டிய சட்டம் பழைய சட்டத்தோடு சேரும் இடம். இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் உப்புத் தண்ணீர் நுழைந்து கறள் பொங்கி, மேல் தகட்டை வில் மாதிரி வளைத்திருக்கிறது. நான்காவது படத்தில் வெல்டிங் ஓரம் திறந்திருப்பதைப் பாருங்கள். தடித்த இரும்புக்குக் கவலை இல்லை என்று முதல் நாள் எழுதினேன். இரண்டு தகடு சேரும் இடத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அங்கே எவ்வளவு தடிப்பு என்றாலும் உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ற் அடித்தாலும் உள்ளே போய்ச் சேராது. பின்னால் கார் இழுக்கும் கொக்கி இந்த நீட்டிய துண்டில்தான் பூட்டியிருக்கிறது. கொக்கியின் லேபலில் எத்தனை இறாத்தல் எழுதியிருந்தாலும் அதைத் தாங்குவது இந்த வெல்டிங்தான்.

இரண்டு, ஓட்டுநர் பக்கச் சட்டத்தோடு பின்னுக்குப் போகும் பிரேக் குழாய். பிளாஸ்ரிக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் கொப்புளம். அதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன், எனக்கு அதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

முடிந்தால் மீயொலித் தடிப்பு மானி ஒன்றை இரவல் வாங்குங்கள். இணையத்தில் நூறு, இருநூறு டொலருக்கும் கிடைக்கிறது. ஒரே சட்டத்தில் கறள் இல்லாத இடத்தை அளந்து அதையே கணக்காக வைத்து மற்ற இடங்களை ஒப்பிடுங்கள். புத்தகத்து எண் தேவையில்லை. அளக்கும் இடத்தைத் தட்டையாகச் சுரண்டி, ஜெல் வைக்காவிட்டால் மானி வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

ஏப்ரல் 17

"சேப்டி சேர்ட்டிபிக்கேற் தருகிறார்கள், பிறகென்ன?" என்கிறார் மைத்துனர். இப்போது அவர் பக்கம் மாறிவிட்டார் போல.

அந்தச் சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும். பரிசோதித்த அன்று வண்டி குறைந்தபட்ச தரத்தில் இருந்தது என்பதைத் தவிர அது வேறொன்றும் உறுதி சொல்லாது. பிரேக்கையும் சட்டத்தில் ஓட்டையையும் பார்ப்பார்கள், ஆனால் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பட்டி அடுத்த வருடம் அறுமா என்று யோசிப்பது அவர்கள் வேலை இல்லை. விற்பவர் தர வேண்டிய பாவித்த வாகனத் தகவல் பொதியையும் வாங்கிப் பாருங்கள். ஒன்ராறியோவில் அந்த வண்டி யார் யார் கைமாறி வந்தது என்பது அதில் இருக்கும். கடன் ஏதும் அதன்மேல் நிற்கிறதா என்பதும் தெரியும்.

சாதாரண கராஜின் தூக்கியில் இந்த வண்டி ஏறாது. லொறி திருத்தும் இடத்தில் குழியோ பெரிய தூக்கியோ இருக்கும். ஒரு மணித்தியாலக் கூலி கொடுத்து, நீங்கள் தெரிந்தெடுத்த ஆளிடம் காட்டுங்கள். விற்பவர் தெரிந்தெடுத்த ஆளிடம் வேண்டாம். கராஜ்காரர்கள் கோபிக்க வேண்டாம், நானும் உங்களில் ஒருவன்.

ஏப்ரல் 23

39,000-க்கு முடிந்ததாம். நீட்டிய சட்டத்தைப் புதிதாகச் செய்து வெல்டிங் செய்ய லொறிக் கராஜ் எழுதிக்கொடுத்த விலையைக் காட்டியிருக்கிறார், விற்பவர் ஒன்றும் பேசவில்லையாம். எழுத்தில் ஒரு விலை கையில் இருந்தால் வாய்ச்சண்டை குறையும். வாழ்த்துக்கள் தம்பி. மைத்துனருக்கும்.

வெல்டிங் செய்ய விடுமுன்: பற்றரி இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள், முன்னால் ஒன்று, வீட்டுக்கு ஒன்று. புரோப்பேன் வால்வைப் பூட்டச் சொல்லுங்கள். உக்கிய இரும்பின்மேல் புதுத் தகடு ஒட்டினால் சம்மதிக்காதீர்கள், நல்ல இரும்பு வரும்வரை வெட்டித்தான் ஒட்ட வேண்டும். நீளச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடவோ ஒட்டவோ கூடாது, பலம் எல்லாம் அங்கேதான்.

மே 6

இப்போது வைத்தியம். எல்லாருக்கும் டப்பாவைத் திறக்கத்தான் அவசரம். முதல் மருந்து தண்ணீர்.

உப்பு உள்ளே இருக்க மேலே என்ன பூசினாலும் வீண். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீரைத் திறந்து விடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா இடம் மாற்றுங்கள். அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கியைவிட இது நல்லது என்பது என் எண்ணம். துப்பாக்கி உப்பைக் கழுவுவதோடு அதை வயர் இணைப்புகளுக்குள்ளும் சில்லுப் பேரிங்குக்குள்ளும் தள்ளிவிடும். சட்டத்தின் உட்பக்கத்துக்கும் பெட்டி மாதிரி மூடிய கைகளுக்கும் மட்டும் குழாயை நுழைத்துக் கழுவுங்கள். ஓட்டைகள் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். முதலில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மனைவி பயப்படலாம்.

பிறகு காய விடுங்கள். இரண்டு, மூன்று வெயில் நாள். காற்றாடி ஒன்றை அடியில் வைத்தால் இன்னும் நல்லது.

மே 13

சுரண்டல். கிண்ணம் மாதிரிக் கம்பித் தூரிகையைக் கிரைண்டரில் பூட்டினால் தட்டையான இடம் எல்லாம் சரியாகும். மூலைக்கும் வெல்டிங் ஓரத்துக்கும் ஊசிச் சுத்தியல் வேண்டும், அதற்குக் கொம்பிரசர் தேவை. வாடகைக்கு எடுக்கலாம். தூரிகையின் கம்பிகள் பறந்து வந்து உடுப்பில் குத்தும், முகத்துக்கு மூடி இல்லாமல் தொடாதீர்கள். புரோப்பேன் தொட்டிக்கும் பெற்றோல் குழாய்க்கும் அருகே தீப்பொறி வேலை வேண்டாம். அங்கே கைத்தூரிகைதான்.

எல்லாவற்றையும் வெள்ளி மாதிரி மினுக்க வேண்டும் என்பதும் இல்லை. சொரியும் கறள் போனால் போதும். இறுகப் பிடித்த கறளுக்குக் கறள் மாற்றி என்று ஒரு திரவம் இருக்கிறது. தனின் அமிலம் உள்ள வகை கறளோடு சேர்ந்து கறுப்பாகும். பொஸ்போரிக் அமில வகை சாம்பல் நிறப் படலம் விடும். மினுக்கிய இரும்பில் இது பூசுவது காசுக்கு நட்டம், கறள் இருந்தால்தான் அதற்கு வேலை.

மேல் பூச்சுக்கு இரண்டு வழி. இரண்டு கலவை எபொக்ஸி பிரைமர் அடித்து அதன்மேல் சேசிஸ் பெயின்ற். அல்லது பி.ஓ.ஆர்-15 மாதிரி ஈரத்தில் இறுகும் யூரித்தேன். இரண்டாவது கல்லு மாதிரி இறுகும், ஆனால் வெயில் ஆகாது, பம்பர் போன்ற வெளித் துண்டுக்கு மேலே இன்னொரு பெயின்ற் வேண்டும். மினுக்கிய வழுவழுப்பில் ஒட்டாது, எண்ணெய் இருந்தாலும் ஒட்டாது. மூடிய இடத்தில் அடிக்க வேண்டாம், அதன் ஆவியில் ஐசோசயனேற் என்ற நச்சு இருக்கிறது, சாதாரண தூசி முகமூடி போதாது.

என்னைக் கேட்டால் புதிதாக ஒட்டிய துண்டுக்கும் இரும்புக் கைகளுக்கும் மட்டும் பெயின்ற். மற்ற எல்லாவற்றுக்கும் வருடா வருடம் எண்ணெய். பெயின்ற் எங்கேயாவது ஒரு கீறல் பட்டால் அதற்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கறள் ஊரும். எண்ணெய் அசிங்கமாக இருக்கும், ஆனால் ஒளிக்காது.

மே 14

பி.ஓ.ஆர்-15 கையில் பட்டால் என்ன செய்வது என்று கேள்வி. உடனே தின்னரால் துடைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் தோல் தானாக உதிரும்வரை காத்திருப்பதுதான். கல்யாண வீடு இருக்கும் கிழமையில் அடிக்காதீர்கள். டப்பாவின் விளிம்பில் பட்டு மூடினால் மூடியும் திறக்காது, நடுவில் ஒரு பொலித்தீன் வைத்து மூடுங்கள். சின்ன டப்பாவாக வாங்குவது இன்னும் புத்தி.

மே 28

பிரேக் குழாய்க் கதை.

ஒருமுறை எங்கள் மோட்டார் ஹோமில் கில்பேர் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்து, எங்கள் இடத்தில் பின்னுக்கு எடுக்கும்போது பெடல் தரை வரை போய்விட்டது. மெதுவாக ஓடியதால் தப்பினோம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வட்டம் என்பதால் முன் பிரேக் கொஞ்சம் பிடித்தது. கீழே பார்த்தால் தம்பியின் படத்தில் இருக்கும் அதே இடம், கிளிப்புக்கு அடியில். வெளியே இரும்பு சுத்தமாகவே தெரிந்தது. கிளிப்பைக் கழற்றியதும் குழாய் கையோடு வந்தது. பாரி சவுண்டிலிருந்து இழுவை லொறி வந்தது. அந்த விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் அதைப்பற்றியே பேசினார்கள், கடற்கரையைப் பற்றி அல்ல.

அதனால் சொல்கிறேன்: கறள் வண்டியில் முதலில் காசு செலவழிக்க வேண்டியது இந்தக் குழாய்க்கு. சட்டம் உக்கினால் மாதக்கணக்கில் அடையாளம் காட்டும், குழாய் ஒரே மிதியில் போகும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் இப்போது எங்கும் கிடைக்கிறது, கறள் பிடிக்காது, கையால் வளைக்கலாம். முன்னிருந்து பின்வரை முழுசாக மாற்றச் சொல்லுங்கள். கெட்ட துண்டை மட்டும் வெட்டி நடுவில் கொம்பிரஷன் இணைப்புப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பிரேக்குக்கு அது ஆகாது.

பின்குறிப்பு: வி10 எஞ்சினில் புகைக் குழாயைப் பிடிக்கும் போல்றுகள் கறளில் அறுவது பிரபலம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் நின்றால் அதுதான். அவசரம் இல்லை. ஆனால் ஜெனரேட்டரின் புகைக் குழாயில் ஓட்டை என்றால் அவசரம். அது நீங்கள் படுக்கும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. காபன் மொனொக்சைட் அலாரத்தின் பின்பக்கம் முடியும் திகதி போட்டிருக்கும், இன்றைக்கே பாருங்கள்.

ஜூன் 10

பழைய எஞ்சின் எண்ணெயை அடித்தால் சும்மா முடியுமே என்று ஒரு ஐயா. ஒன்ராறியோ கமக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள், அடித்துவிட்டு மண் வீதியில் ஓட்டித் தூசி ஒட்டவைப்பார்கள். வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் கழிவு எண்ணெயில் அமிலமும் உலோகத் தூளும் இருக்கிறது. சொட்டுவது உங்கள் கிணற்றுக்கும் ஏரிக்கும் போகும், அரசாங்கமும் விடாது. உங்கள் மருமகள் வாசற்கல்லில் கறையைக் கண்டால் அரசாங்கத்துக்கு முன்னே அவர் வந்துவிடுவார்.

தேங்காய் எண்ணெய் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தலைக்கு வையுங்கள்.

ஜூலை 2

தம்பிக்குப் புதுப் பிரச்சினை: படி பாதியில் நிற்கிறது, குளிர்பெட்டி காரணமில்லாமல் எரர் காட்டுகிறது, உள்ளே லைற் மங்கல். ஆர்.வி. கடையில் புது மின்சுற்றுப் பலகை போட வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள்.

காசு கொடுக்குமுன் எர்த் வயரைப் பாருங்கள். வண்டியின் வீட்டுப் பக்கத்துப் பற்றரி மின்சாரம் பெரும்பாலும் சட்டம் வழியாகத்தான் பற்றரிக்குத் திரும்பிப் போகிறது. வயர் சட்டத்தில் பூட்டிய இடத்தில் கறள் ஏறினால் ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு விதமாகப் பைத்தியம் பிடிக்கும். போல்றைக் கழற்றி, இரும்பு மினுங்கும்வரை சுரண்டி, வயர் முனையையும் தேய்த்து, இறுக்கிப் பூட்டியபின் மேலே கிரீஸ். ஜெனரேட்டரின் எர்த் வயரையும் அப்படியே செய்யுங்கள்.

ஜூலை 3

சரியாகிவிட்டதாம், மூன்றும். கடைக்காரருக்குச் சொல்ல வேண்டாம்.

செப்டெம்பர் 24

எண்ணெய் அடிக்கும் காலம். ஒக்டோபர் முடியுமுன், முதல் உப்பு விழுமுன், காய்ந்த நாளில். க்ரவுன், ரஸ்ட் செக் இரண்டும் இங்கே வருடா வருடம் அடித்துத் தரும் இடங்கள். மோட்டார் ஹோமுக்கு உயரக் கதவுள்ள கிளையா என்று முன்கூட்டியே கேளுங்கள். நீங்களே அடிப்பதென்றால் கம்பளி மெழுகு வகை, ஃபுளூயிட் ஃபிலிம் மாதிரி. எண்ணெய் வகை மெல்லியது, இரண்டு தகட்டுக்கு நடுவே ஊரும், ஒரு நாளுக்கு மேல் சொட்டும். மெழுகு வகை தடிப்பு, தண்ணீர் தெறித்தாலும் நிற்கும், இடுக்குக்குள் அவ்வளவு போகாது. நான் சேரும் இடங்களுக்கும் மூடிய கைகளுக்கும் முதலில் எண்ணெய், பின் சில்லுக்குப் பின்னால் மெழுகு என்று கலந்து அடிக்கிறேன்.

எங்கே பார்த்தாலும் அடியுங்கள் என்று போன வருடம் நான் சொன்னதை ஒருவர் எடுத்துப் போட்டு ரப்பரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எண்ணெய் தாங்காத ரப்பர் பொங்கும் என்று கம்பளி மெழுகு செய்பவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களில் வேண்டுமென்று பீய்ச்ச வேண்டாம், பட்டால் துடைத்தால் சரி. பிரேக் டிஸ்க், பாட், பெல்ற் மேல் ஒரு துளியும் கூடாது. புகைக் குழாயில் பட்டால் முதல் ஓட்டத்தில் புகையும், பயப்படத் தேவையில்லை.

ஒக்டோபர் 15

அடிக்க முன் கழுவ வேண்டுமா? கழுவிக் காய விட்டால் நல்லது. நேரம் இல்லை என்றால் கழுவாமலே அடியுங்கள். அடிக்காமல் விடுவதைவிட அது மேல்.

நவம்பர் 5

நிறுத்தி வைக்கும் இடம். புல் வேண்டாம். மண்ணிலிருந்து குளிர்காலம் முழுக்க ஆவி ஏறிச் சட்டத்தில் துளித்து நிற்கும். தார், கொங்கிரீற், சரளைக்கல் எதுவும் பரவாயில்லை. பிளாஸ்ரிக் தாள் போட்டு மூட வேண்டாம், காற்றுப் போகும் துணி மூடி போடுங்கள், அல்லது சும்மா விடுங்கள். ஜனவரியில் "எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு வருவோம்" என்று உப்பு வீதியில் ஒரு சுற்றுப் போவது நீங்கள் செய்த எல்லா வேலையையும் அழிக்கும். பற்றரிக்குச் சார்ஜர் போட்டுவிட்டு வீட்டில் இருங்கள்.

நவம்பர் 12

எலி வருவதாகத் தம்பி எழுதியிருக்கிறார். அடியில் குழாயும் வயரும் ஏறும் ஓட்டைகள் வழியாகத்தான் வரும். விரல் போகும் ஓட்டை என்றால் அதற்குத் தாராளம். ஹார்ட்வெயர் கடையில் இரும்புக் கம்பளியை அடைக்கச் சொல்வார்கள். வேண்டாம், அது ஒரே குளிர்காலத்தில் கறளாகித் தூளாகக் கொட்டும், ஈரத்தையும் பிடித்து ஓட்டையின் விளிம்பையும் கெடுக்கும். செம்பு வலை அல்லது துருப்பிடிக்காத எஃகு வலை வாங்கி அடைத்து, மேலே நுரை அடித்து மூடுங்கள். தனி நுரையை எலி கடித்துத் துப்பிவிடும். ஜெனரேட்டர் பெட்டியின் கீழ் மூலையையும் மறக்காதீர்கள், என் வண்டியில் அங்கேதான் கூடு கட்டியிருந்தது.